வாடும் பயிரும் அதன் கலங்களும்

காலையில் நிமிர்ந்து நின்ற மிளகாய்க் கன்று நண்பகலில் இலை தொங்கி நிற்பதைக் கண்ட கமக்காரர் உடனே இறைப்புக்கு ஆயத்தஞ் செய்வது இயல்பு. பெரும்பாலும் அது தக்க செயலேயாகும். ஆயினும், நீர் பாய்ச்சப் பாய்ச்ச மேலும் வாடும் பயிர்களும் உண்டு. பாத்தியில் நீர் நிறைந்திருக்கின்றது. வேர் அந்நீரில் அமிழ்ந்திருக்கின்றது. இலையோ நீர் காணாதது போல் சோர்ந்து கிடக்கின்றது. இது எங்ஙனம் நிகழ்கின்றது? இதற்கு விடை காண விரும்புவோர் பயிரின் உடலை ஆக்கியுள்ள கலங்களின் அமைப்பையும் அவை செய்யும் தொழிலையும் ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவு பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. பசளைக்கும் எரிபொருளுக்கும் பணஞ் செலவிடும் ஒவ்வொருவருக்கும் அது பயன்படும்.

கலம் என்பது யாது?

தாவரமாயினும் விலங்காயினும் உயிருள்ள யாவும் கலங்களால் ஆனவை. பற்றீரியா போன்ற நுண்ணுயிர்கள் ஒரே கலத்தால் ஆனவை. தென்னைக்கும் யானைக்கும் எண்ணிலடங்காக் கலங்கள் உண்டு. 1665 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தைச் சேர்ந்த உரொபேட்டு ஊக்கு என்பார் தக்கையை மெல்லியதாகச் சீவி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினார். தேன்கூட்டின் அறைகளைப் போன்ற சிற்றறைகளைக் கண்டு அவற்றுக்குக் கலம் எனும் பொருள்பட அவர் இட்ட பெயரே இன்றும் வழங்குகின்றது. அவர் கண்டவை உயிர் நீங்கிய வெற்றறைகள். சுவர் மட்டுமே எஞ்சியிருந்தது. கலத்தின் கருவை உரொபேட்டு பிறவுண் 1831 இல் விவரித்தார். தாவரங்கள் யாவும் கலங்களால் ஆனவை என்று சிலைடன் 1838 இலும், விலங்குகளும் அவ்வாறே என்று சுவான் 1839 இலும் எடுத்துரைத்தனர்.

பாடநூல்கள் கலத்தைச் செங்கல்லுக்கு ஒப்பிடுவதுண்டு. வடிவத்தையும் அடுக்கையும் பொறுத்தவரை அவ்வுவமை பொருந்தும். அதற்கு மேல் பொருந்தாது. செங்கல் உணவு கொள்வதில்லை, சுவாசிப்பதில்லை, இரண்டாகப் பிரிந்து பெருகுவதுமில்லை.

கலத்தைக் காண்பதற்கு நம்மிடையே கிடைக்கும் பொருள்களுள் சின்ன வெங்காயத்தைப் போல் வாய்ப்பானது பிறிதொன்றில்லை. காய்ந்த சருகை நீக்கிவிட்டு, உள்ளே உள்ள சதைப்பற்றான செதிலின் வெளிப்புறத்திலிருந்து செந்நிற மென்தோலை உரித்தெடுக்க வேண்டும். அதனைக் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி நீரில் பரப்பி, பாடசாலை நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கினால், நீண்ட அறைகள் வரிசை வரிசையாக ஒன்றையொன்று ஒட்டி நிற்பது தெளிவாகத் தோன்றும்.

ஒவ்வோர் அறையையும் சூழ்ந்திருப்பது கலச்சுவர். அது செலுலோசு எனும் பொருளாலான உறுதியான சட்டை. நீரும் கரைந்த உப்பும் அதனூடே தடையின்றிச் செல்லும். சுவரை உள்ளே ஒட்டிக்கொண்டு கலமென்சவ்வு உள்ளது. இதன் தடிப்பு மில்லிமீற்றரின் ஓரிலட்சத்தில் ஒரு பங்களவே. ஆயினும் கலத்தின் வாயிற்காவலன் இதுவே. நீரை எளிதில் விடும். உப்பையும் வெல்லத்தையும் எளிதில் விடாது. நீர் செல்வதற்கென இம்மென்சவ்வில் தனி வாயில்களான புரதங்கள் உள்ளமையைக் கண்டறிந்த பீற்றர் ஏகர் என்பார் 2003 இல் இரசாயனவியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

மென்சவ்வினுள் குழைவான குழியவுருவும், அதில் கருவும், இழைமணி எனப்படும் நுண்ணுறுப்புகளும் உள்ளன. கரு தலைமுறை தலைமுறையாக வரும் குணங்களின் ஏடு. மிளகாய் விதையிலிருந்து மிளகாயே முளைப்பதும், உறைப்பு வித்துக்கு வித்து மாறுவதும் அதில் எழுதப்பட்டவற்றாலாகும். இழைமணியிலே வெல்லம் ஒட்சிசனுடன் சேர்ந்து சிதைந்து கலத்தின் வேலைகளுக்கு வேண்டிய சத்தியைத் தருகின்றது. பச்சை இலையின் கலங்களில் இவற்றோடு பச்சையவுருமணிகளும் இருக்கும். நிலத்தினுள் இருளில் பருக்கும் வெங்காயக் குமிழில் அவை இல்லை.

முதிர்ந்த தாவரக் கலத்தில் பெரும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது இவை எவையுமல்ல. நடுவே உள்ள புன்வெற்றிடம் எனும் நீர்ப்பையே. பெயரளவில்தான் அது வெற்றிடம். உப்புகளும் வெல்லங்களும் அமிலங்களும் சாயப்பொருள்களும் கரைந்த சாறு அதனுள் நிறைந்துள்ளது. வெங்காயத் தோலின் செந்நிறமும் பீற்றூற்றுக் கிழங்கின் சிவப்பும் இச்சாற்றிலேயே உள்ளன. பீற்றூற்றுத் துண்டைக் கழுவிய பின் குளிர்நீரில் இட்டால் நீர் அதிகம் சிவப்பதில்லை. கொதிநீரில் இட்டாலோ உடனே சிவந்துவிடும். வெப்பத்தால் மென்சவ்வு கெட்டுக் காவல் நீங்கியதே இதற்குக் காரணம். குசினியில் நாள்தோறும் நிகழும் இச்சிறு நிகழ்ச்சி, மென்சவ்வு உயிருள்ளவரை செய்துவந்த வேலை எத்தகையது என்பதை நன்கு காட்டும்.

நீர் கலத்தினுட் புகும் முறை

நீர் எப்பொழுதும் உப்புச் செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு கூடிய பக்கத்துக்கு மென்சவ்வினூடே செல்லும். இதனைப் பிரசாரணம் என்பர். சம்பலுக்கு அரிந்த வெங்காயத்தின் மேல் உப்பைத் தூவிச் சற்று வைத்தால் தட்டில் நீர் ஊறுவதையும் வெங்காயம் துவள்வதையும் இல்லத்தரசியர் அறிவர். உப்பு வெங்காயத்தினுட் சென்று நீரை வெளியே தள்ளிற்று என்று சிலர் எண்ணுவர். உண்மையில் வெளியே இருக்கும் உப்புக்கரைசலை நோக்கி, கலத்தினுள்ளிருந்த நீர் தானே வெளியேறிற்று.

மண்ணீரில் உப்புக் குறைவாகவும் கலச்சாற்றில் மிகுதியாகவும் இருக்குங்கால், நீர் மண்ணிலிருந்து வேர்க்கலத்தினுள் புகும். புகுந்த நீர் புன்வெற்றிடத்தை நிரப்பி, குழியவுருவைச் சுவரோடு நெருக்கும். சுவர் இடங்கொடாது எதிர்த்து நிற்கும். இவ்வாறு எழும் வீக்கவமுக்கம் இலைக் கலங்களில் பொதுவாக 5 முதல் 10 வளிமண்டலம் வரை இருக்கலாம். மோட்டர்க் காரின் சில்லில் அடைக்கப்படும் காற்றின் அமுக்கம் ஏறக்குறைய 2 வளிமண்டலமே. இளம் இலையும் தண்டும் நிமிர்ந்து நிற்பது இவ்வமுக்கத்தினாலேயாம். பனையோலை வறட்சியிலும் தொங்குவதில்லை. அதனை நார் தாங்குகின்றது. மிளகாய் இலைக்கும் தக்காளிக் கன்றுக்கும் அத்தகைய நார் இல்லாமையால் அவை நீரையே தூணாகக் கொண்டு நிற்கின்றன. நீர் குறைந்தால் கலம் தளரும்; கலம் தளர்ந்தால் இலை தொங்கும். வாடல் என்பது இதுவேயாகும்.

முன்னே கூறிய வெங்காயத் தோலின் மேல் ஒரு கோப்பை நீரில் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைத்த கரைசலைச் சில துளிகள் விட்டு மீண்டும் நோக்குக. சில நிமிடங்களில் செந்நிறச் சாறு சுருங்கிச் சுவரை விட்டு விலகி, அறையின் நடுவே ஒரு சிறு உருண்டையாகத் திரளும். சுவர் மட்டும் இருந்தபடியே இருக்கும். தாமதியாது நன்னீரால் கழுவினால் சாறு மீண்டும் விரிந்து அறையை நிரப்பும். நெடுநேரம் உப்பில் விட்டால் மீளாது. உவர் ஏறிய தோட்டத்தில் பயிரின் வேர்க்கலங்களுக்கு நேரக்கூடிய இடரின் தன்மையை இவ்வொரு காட்சி உணர்த்தும். பாடசாலை ஆசிரியர்கள் கமக்காரரை அழைத்து இதனைக் காட்டுவார்களாயின் பெரும் பயன் விளையும்.

வேர்மயிர்

பயிர் நீரைக் கொள்ளும் வாயில் தடித்த வேரன்று. வேர்நுனிக்குச் சற்றுப் பின்னே, வெண்பஞ்சு போல் அடர்ந்திருக்கும் வேர்மயிர்களே நீரையும் போசணைப் பொருள்களையும் பெரும்பாலும் உறிஞ்சுவன. ஒரு வேர்மயிர் என்பது ஒரே கலத்தின் நீட்சி. சில நாள் வாழ்ந்து மடியும். நுனி வளர வளரப் புதியன தோன்றும். 1937 இல் திற்மர் எனும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் நான்கு மாதம் வளர்ந்த ஒரே ஒரு ரைத் தானியச் செடியின் வேர்த்தொகுதியை அளந்து, ஏறக்குறைய 1400 கோடி வேர்மயிர்கள் இருந்தன எனக் கணித்தார்.

நாற்றுப் பிடுங்கும்போது இவற்றுட் பெரும்பாலானவை அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். நட்ட கன்று இரண்டொரு நாள் சோர்ந்து நிற்பது இதனாலேயே. நாற்றுமேடையை நனைத்துவிட்டுப் பிடுங்குதல், வேரோடு மண் ஒட்டியிருக்க எடுத்தல், வெயில் தாழ்ந்த பின் நடுதல், கிடுகாலோ குழையாலோ நிழல் கொடுத்தல் ஆகிய பழைய வழக்கங்கள் யாவும், புது வேர்மயிர் தோன்றும் வரை இலையின் நீர்ச்செலவைக் குறைப்பனவாகும். நம் முன்னோர் நுணுக்குக்காட்டியின்றியே இவற்றை அறிந்திருந்தனர்.

நீர் நிற்கும் பாத்தியில் வாடுவதேன்?

வேர்க்கலமும் சுவாசிக்கின்றது. போசணை உப்புகள் மண்ணீரில் மிகச் செறிவு குறைந்தவை. அவற்றைக் கலத்தினுள் இழுத்துக்கொள்ள மென்சவ்வு சத்தியைச் செலவிட வேண்டும். அச்சத்தி இழைமணியில் ஒட்சிசனைக் கொண்டு ஆக்கப்படுவது. மாரிமழையின் பின் வெள்ளம் வடியாது நிற்கும் தோட்டத்தில் மண்ணிடைக் காற்று முழுவதும் நீரால் வெளியேற்றப்படுகின்றது. வேர்க்கலங்கள் ஒட்சிசன் இன்றித் திணறி, நீரை விடும் வாயில்களும் அடைபட, இலை வாடுகின்றது. சில நாள் கழித்து வேர் அழுகுகின்றது. இவ்வேளையில் இறைப்பதும் பசளையிடுவதும் வீண். வடிகால் வெட்டுவதே செய்யத்தக்கது. நெல் நீரில் நின்று வளர்வதற்குக் காரணம் அதன் தண்டிலும் வேரிலும் கலங்களுக்கிடையே அமைந்த காற்றறைகள். இலையிலிருந்து காற்று அவற்றின் வழியே வேருக்கு இறங்குகின்றது. மிளகாய்க்கு அவ்வசதி இல்லை.

சவர்நீரும் பயிரும்

இனி, வடபகுதிக் கமக்காரரை மிகவும் வருத்தும் காரியத்துக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தேங்கிய மழைநீரே கிணற்றில் ஊறுகின்றது. இந்நன்னீர், கடல்நீரிலும் அடர்த்தி குறைந்ததாதலின், நிலத்தின் கீழே ஊடுருவி நிற்கும் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால் அதன் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் உண்டு என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். நீர்மட்டத்தை நெடுங்காலம் 1 அடி தாழ்த்தினால், கீழேயுள்ள உவர்நீர் பல மடங்கு மேலே எழும். துலாவால் இறைத்த காலத்தில் மனிதரின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

சவர்நீரின் தீமை ஒரு நாளில் தோன்றுவதன்று. ஓர் ஏக்கர் நிலத்துக்கு ஓர் அங்குல உயரம் நீர் பாய்ச்சுவதற்கு ஏறக்குறைய ஓர் இலட்சம் இலீற்றர் வேண்டும். அந்நீரின் ஒவ்வோர் இலீற்றரிலும் 1 கிராம் உப்பு இருந்தால், ஒரு முறை இறைப்பதாலேயே 100 கிலோகிராம் உப்பு நிலத்தில் சேர்கின்றது. ஏக்கருக்கு 16 பரப்பாகக் கொண்டால் பரப்புக்கு 6 கிலோகிராமுக்குச் சற்று மேல். நீர் ஆவியாகிப் போகும். பயிரும் நீரையே கொண்டு உப்பில் பெரும்பகுதியை விட்டுவிடும். இவ்வாறு ஒரு போகத்தில் இருபது, முப்பது முறை இறைத்தால் நிலத்தில் எஞ்சும் உப்பின் அளவைக் கமக்காரரே கணித்துக்கொள்ளலாம்.

உப்புச் செறிய, மண்ணீருக்கும் கலச்சாற்றுக்கும் உள்ள வேற்றுமை குறைகின்றது. வேர் நீரை இழுப்பது கடினமாகின்றது. மண் ஈரமாயிருந்தும் பயிருக்கு அது வறட்சியே. முதலில் இலையின் காவற்கலங்கள் இதனை உணர்ந்து செயற்படும். இலையின் தோலிலே இலைவாய் எனும் நுண்துளைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் அவரை விதை வடிவான இரு காவற்கலங்கள் சூழ்ந்துள்ளன. அவற்றுள் பொற்றாசியம் சேர, நீர் தொடர்ந்து புக, அவை வீங்கி வளைந்து துளையைத் திறக்கும். தளர்ந்தால் துளை மூடும். மூடினால் நீர்ச்செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் காபனீரொட்சைட்டு உட்புகுவதும் அத்துளை வழியே ஆகையால் ஒளித்தொகுப்பும் குறைந்து, மாப்பொருள் ஆக்கம் தடைப்படும். ஆதலின் வாடல் வெளிப்படையாகத் தோன்றாத பயிரிலும் இலை சிறுத்து, குமிழ் பருமனின்றி, விளைச்சல் குன்றும். இம்மறைவான நட்டமே பெருநட்டம். வாடிய கன்றைக் கண்டு கவலைப்படுவோர் சிறுத்த குமிழைக் கண்டு பருவத்தைக் குறை கூறி அமைவர். நாட்செல்ல, சோடியமும் குளோரைட்டும் இலையில் சேர்ந்து நுனியும் ஓரமும் கருகும்.

எல்லாப் பயிர்களும் உவரை ஒரே அளவில் தாங்குவதில்லை. மண்ணீரின் உப்பை மின்கடத்துதிறனால் அளப்பர். உலக உணவு விவசாயத் தாபனத்தின் வெளியீட்டின்படி, விளைச்சல் குறையத் தொடங்கும் எல்லை மீற்றருக்குத் தெசிசீமென்சு என்ற அலகில் வெங்காயத்துக்கு 1.2, மிளகாயினத்துக்கு 1.5, நெல்லுக்கு 3.0, பீற்றூற்றுக்கு 4.0 ஆகும். நம்மவர் மிகுதியாகச் செய்யும் வெங்காயமும் மிளகாயும் தாங்குதிறன் குறைந்தவை என்பது இதனாற் புலனாகும்.

பசளையும் உப்பே என்பதை மறத்தலாகாது. சவர் ஏறிய பாத்தியில் வாடிய பயிருக்கு மேலும் யூரியாவும் மியூரியேற்றுப் பொற்றாசும் இடுவது, வெங்காயச் சம்பலில் இரண்டாம் முறை உப்புத் தூவுவதை ஒக்கும். நல்ல நிலத்திலும் முழுப் பசளையை ஒரே முறையில் தண்டின் அடியில் குவிப்பதால் வேர் கருகும். சிறிது சிறிதாகப் பிரித்து, தண்டை விட்டுத் தள்ளி, ஈரமான மண்ணில் இடுதல் நன்று.

உப்பைப் போக்கும் வழி நன்னீரால் கழுவி வேர்மட்டத்துக்குக் கீழே இறக்குவதொன்றே. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிமழை இவ்வேலையைச் செலவின்றிச் செய்யும். வரம்பைச் செப்பனிட்டு மழைநீரை நிலத்திலேயே தங்கி இறங்கவிட்டால் கிணறும் பயன்பெறும். 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை கிழக்குக் கரையின் வயல்களிலும் கிணறுகளிலும் கடல்நீரை நிரப்பிய பின், அவை படிப்படியாகத் தெளிந்தது பெரும்பாலும் பின்வந்த மழைகளாலேயாம். கோடையில் குழை தாழ்த்து, எருவிட்டு, பாத்தியை வைக்கோலால் மூடி ஆவியாதலைக் குறைத்தல் வேண்டும். உச்சி வெயிலில் இலை நனையச் சவர்நீர் தெளித்தல் ஆகாது. நீண்ட நேரம் ஓயாது இறைத்துக் கிணற்றை அடிகாண வைப்பதிலும், இடைவிட்டுச் சிறிது சிறிதாக இறைப்பது மேல்.

சில தாவரங்கள் உவரிலேயே வாழக் கற்றுள்ளன. கடனீரேரிக் கரையிலுள்ள உமரி, உப்பைப் புன்வெற்றிடத்தினுள் பூட்டிவைத்துக் குழியவுருவைக் காத்துக்கொள்கின்றது; அதன் சதைப்பற்றுக்கும் உவர்ச் சுவைக்கும் அதுவே காரணம். கண்ணா மரம் உப்பை இலைவழியே கசியவிடுகின்றது. நெல்லினத்துள் கேரளத்துப் பொக்காளி உவர் தாங்குவதில் பெயர் பெற்றது. நம் நாட்டில் வெளியிடப்பட்ட ஏ.ரி. 354 எனும் இனமும் உவர் வயல்களுக்கு ஏற்றதாகக் கொள்ளப்படுகின்றது.

வாடலின் காரணத்தைத் துணிதல்

மாலையில் வாடிக் காலையில் நிமிரும் பயிருக்குப் பெரும்பாலும் நீர்க்குறையே காரணம். மண் ஈரமாயிருக்க இலையோரம் கருகினால் உவரை ஐயுறுக. நீர் தேங்கியிருந்தால் வடிகாலைப் பார்க்க. இவை எவையும் இன்றி, தக்காளியோ கத்தரியோ பச்சை மாறாமலே திடீரெனச் சாய்ந்தால், பற்றீரியா வாடல் நோயாயிருக்கலாம். அப்பொழுது தண்டின் அடிப்பகுதியை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நுனி தோயப் பிடித்து நோக்குக. வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை கீழ்நோக்கி இறங்கினால், நீரைக் கடத்தும் காழ்க் குழாய்கள் நோய்க்கிருமிகளால் அடைபட்டன என அறியலாம். அச்செடிக்கு நீர் பாய்ச்சினால் கிருமி அயற்செடிக்குப் பரவும். வேரோடு பிடுங்கி அகற்றுக.

கிணற்று நீரின் உவரைச் சோதிப்பிக்க விரும்புவோர், சிறிது நேரம் இறைத்தபின் வரும் நீரில் ஒரு போத்தலை மும்முறை அலம்பி, நிரப்பி, இறுக மூடி, கிணற்றின் இடத்தையும் நாளையும் எழுதி ஒட்டித் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொடுக்க. மாரி முடிந்ததும் ஒரு முறையும், ஆவணியில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது மற்றொரு முறையும் கொடுப்பது நன்று. மாரியில் நன்னீராயிருந்த கிணறு ஆவணியில் சவராதல் உண்டு.